துறைமுகத்துக்கு மேலே வரிசை தவறிய பொட்டலங்கள்

கப்பல்துறை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கடல் வந்துவிட்டது என்று நினைத்துக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடலும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. பேருந்தின் பின்சக்கரம் நீளமாக மூச்சு விட்டுத் தரையோடு அமர்ந்தது. பெயரை நம்பி இறங்கிப் பார்த்தேன். கண்டி வீதி, இரண்டு கடைகள், ஒரு மாடு.

நடத்துநர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிங்களத்தில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். அதற்கு அங்கே வேலை இல்லை. பக்கத்து இருக்கையில் வந்த குச்சவெளி ஆசிரியை மொழிபெயர்த்தார்.

"இந்த டயர் தம்புள்ளையிலேயே அழுதது, நீதான் காதில வாங்கேல்லை எண்டு சொல்றார்."

"வேற டயர் வச்சிருப்பாங்களா?"

"இருக்கும் மிஸ். அதுவும் இதைப் போலதான் இருக்கும்."

இருந்தது. அப்படித்தான் இருந்தது. அதை மாட்டி முடிக்கும்வரை நாங்கள் சாலையோரம் நின்றோம். என்ன வேலையாக வந்தேன் என்று ஆசிரியை கேட்டார். ஸ்கேன் எடுக்கும் இடமொன்றில் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது, அதைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்குக் கடல் தாண்டி வந்தனீங்களோ. எங்கட வீட்டிலயும் மெதுவாத்தான் இருக்கு. நாங்கள் பேசாம இருக்கிறம்."

பேசாமல் இருக்க எங்கள் நிறுவனத்துக்குத் தெரியாது. நாங்கள் ஒரு பெட்டி விற்கிறோம். இரண்டு இன்டர்நெட் லைன்களை அதில் செருகினால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆகவே வேகமும் இரண்டு மடங்கு என்பது எங்கள் விற்பனைத் தலைவர் கார்த்திக்கின் கணக்கு. அவர் கணக்கு எப்போதும் அந்த அளவோடு நின்றுவிடும். திருகோணமலைப் பெட்டியை அவரே வந்து விற்றார். வேகம் இரண்டு மடங்கு ஆவதற்குப் பதில் முன்பு இருந்ததிலும் குறைந்துவிட்டது என்று புகார் வந்தபோது, "அந்த ஊர் இன்டர்நெட்டே அப்படித்தான் புவனா, ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள்" என்று என்னை அனுப்பினார்.

ஸ்கேன் நிலையம் உட்துறைமுக வீதியில் ஒரு மாடிக் கட்டடம். மேலே ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கப்பல்துறையில் காணாமல் போன கப்பல்கள் எல்லாம் தெரியும். உரிமையாளர் பத்திநாதன் வாசலுக்கே வந்து வரவேற்றார். கதிரை போட்டார், பால் விடாத பிளேன்ரீ வரவழைத்தார், பிறகு நேராகப் பெட்டியிடம் அழைத்துப்போனார். வரவேற்பறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஒரு தட்டு அடித்து அதன் மேல் அதை வைத்திருந்தார்கள். மாதாவுக்கு ஒரு சின்ன விளக்கு. எங்கள் பெட்டிக்கு இரண்டு, பச்சை நிறத்தில்.

"ஒண்டு பைபர், நிலத்துக்குக் கீழால வருது. மற்றது ரேடியோ, மொட்டைமாடியில இருந்து துறைமுகத்துக்கு மேலால அந்தப்பக்கத்து டவருக்குப் போகுது. ரெண்டும் பச்சை. பூட்டின நாளில இருந்து ஒருநாளும் அணையேல்லை" என்றார்.

"ஸ்கேன் படங்கள்?"

"படம்தான் போகுதில்லை."

படங்கள் கொழும்புக்குப் போகவேண்டும். ஸ்கேன் பார்த்து அறிக்கை சொல்லும் மருத்துவர் அங்கேதான் இருக்கிறார். எங்கள் பெட்டியின் ஜோடி அவர் அறையில் இருக்கிறது. இங்கே படம் எடுப்பவர் ஜெனிற்றா. முப்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசாதவர். என்னைக் கண்டதும் சென்னையில் எல்லோரும் இந்தப் பெட்டிதான் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். என்ன நினைத்துக் கேட்டார் என்று அவர் முகத்தில் தெரியவில்லை. சென்னையில் யாரும் வாங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் தோசை கேட்டேன். தோசை வந்தது, சம்பல் வந்தது, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு வந்தது. சாம்பார் என்றேன். கடைக்காரர் மரியாதையாக ஒரு வாளியிலிருந்து எதையோ ஊற்றினார். சாம்பாரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுச் செய்தது போலிருந்தது. வாளியை ஒதுக்கிவிட்டுச் சம்பலோடு சாப்பிட்டபோது, இத்தனை வருடம் தோசையை எதற்காகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. வெளியே ஒரு புள்ளிமான், எங்கள் ஊர் மாடு நிற்பதைப் போலவே அலட்சியமாகத் தெருவில் நின்று அட்டைப்பெட்டி தின்றது. சென்னையில் மானைப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும். இங்கே ஓட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

மறுநாள் காலை நான் போனபோது ஜெனிற்றா ஒரு சீடியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கொழும்பு பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடுவாராம்; அங்கே மருத்துவரின் ஆள் வந்து வாங்கிக்கொள்வாராம்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"இந்தப் பெட்டி வந்ததில இருந்து. இங்க பாருங்கோ மிஸ்." கணினித் திரையில் ஒரு நீலக்கோடு பாதியில் நின்றது. "இது நேற்று வந்த ஒரு அம்மாவின்ர படம். நேற்றே சீடியும் பஸ்ஸில குடுத்துவிட்டனான். டொக்டர் அதைப் பாத்து ரிப்போர்ட்டும் சொல்லிட்டார், அம்மா மருந்தும் எடுத்திட்டா. இது இன்னும் போய்க்கொண்டிருக்கு."

அந்தப் பேருந்தின் டயர்களை எனக்குத் தெரியும். அதனிடம் தோற்பது சாதாரண விஷயம் இல்லை.

சோதனைகளைத் தொடங்கினேன். இரண்டு லைனும் நன்றாக இருந்தன. அனுப்பியது எதுவும் வழியில் தொலையவில்லை. எங்கள் பெட்டியோடு தரும் வேகமானி, கார்த்திக் சொன்ன அதே இரண்டு மடங்கைக் காட்டியது. அது கொழும்புக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று மட்டும் எண்ணும். எந்த வரிசையில் வந்தது என்று பார்க்காது. விற்பனைப் பிரிவு கேட்டு வாங்கிய வேகமானி அது.

பிறகு லைனில் போவதையும் வருவதையும் அப்படியே பதிவுசெய்து பார்த்தேன். ஒரு படம் போகும்போது அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டி, எண் போட்டு அனுப்புவார்கள். எங்கள் பெட்டி அவற்றை லைனுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு பைபரில். இரண்டு, நான்கு, ஆறு ரேடியோவில். பைபர் வேகமானது. ரேடியோ கொஞ்சம் தாமதமானது. ஆகவே கொழும்பில் ஒன்று வந்ததும் அடுத்து மூன்று வந்தது, ஐந்து வந்தது, ஏழு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் கொழும்புக் கணினி, "எனக்கு இன்னும் இரண்டாம் எண் வரவில்லை" என்று அதே பதிலைத் திருப்பி அனுப்பியது. அதே பதில் இப்படி மூன்று முறை வந்தால், அனுப்பும் கணினி இரண்டாம் பொட்டலம் தொலைந்தே போயிற்று என்று முடிவுகட்டும். பாதையில் நெரிசல் என்று எண்ணிக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டை மறுபடி அனுப்பும். இதெல்லாம் அது நல்ல மனதோடு செய்வது. உலகத்து இன்டர்நெட் முழுதும் திணறி நிற்காமல் இருப்பது இந்த அடக்கத்தால்தான்.

இங்கே நெரிசலும் இல்லை, இரண்டு தொலையவும் இல்லை. அது துறைமுகத்துக்கு மேலே நிதானமாக வந்துகொண்டிருந்தது. பிறகு நான்குக்கும் அதே கதை, ஆறுக்கும் அதே கதை. பாதி, பாதியில் பாதி என்று வேகம் குறைந்துகொண்டே போய், கடைசியில் இரண்டு நல்ல லைன்களை வைத்துக்கொண்டு படம் தவழ்ந்தது. புதிய கணினிகள் வரிசை கொஞ்சம் தவறினால் பொறுத்துப் பார்க்கும். ஸ்கேன் இயந்திரத்தோடு வந்த கணினி பழையது. அதில் கைவைத்தால் இயந்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். கொழும்புப் பெட்டியாவது பொட்டலங்களை வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கலாம். அந்த வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று எங்கள் பிரசுரம் சில வருடங்களாகச் சொல்லிவருகிறது.

சந்தேகம் தீர ரேடியோ லைனின் கேபிளைப் பெட்டியிலிருந்து உருவினேன். திரையில் நின்றிருந்த நீலக்கோடு எழுந்து நடந்தது, பிறகு ஓடியது. ஜெனிற்றா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். நேற்றைய அம்மாவின் மிச்சப் படங்கள் எல்லாம் ஜெனிற்றா அந்தச் சீடி உறையில் முகவரி எழுதி முடிப்பதற்குள் கொழும்பு சேர்ந்தன.

அதே நேரம் வரவேற்பறையிலிருந்து பத்திநாதன் ஓடிவந்தார். "மிஸ், ஒரு லைட் சிவப்பாகிட்டுது."

"படம் போகிறது சார், பாருங்க."

"ஓம், போகுது. ஆனா லைட் சிவப்பெல்லோ."

என் கைப்பேசி அடித்தது. பெட்டியின் விளக்கு சிவந்தால் சென்னைக்கும் செய்தி போகும். கார்த்திக்கிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு படம் முழுதும் ஒரே லைனில் போகும்படி பெட்டியின் அமைப்பை மாற்றினால் போதும். மற்ற லைன் வேறு வேலைகளுக்கு இருக்கட்டும் என்றேன்.

"அப்போ படம் ஒரு லைனில்தான் போகுமா?"

"ஆமாம். ஆனா வேகமாப் போகும்."

"புவனா, அவர் ரெண்டு லைனுக்குப் பெட்டி வாங்கியிருக்கார். நாளைக்கு அந்த ஊர் ஓட்டல்காரங்க, ஐஸ் கம்பெனிக்காரங்க எல்லாம் பெட்டியைப் பார்க்க வர்றாங்க. ரெண்டும் பச்சையா இருக்கணும். அவங்க போனப்புறம் பேசலாம்."

அமைப்பை மாற்றக் கடவுச்சொல் கேட்டேன். அதைப் போன வாரம் மாற்றிவிட்டதாகச் சொன்னார். எல்லாரும் உள்ளே நுழைந்து எதையாவது சரிசெய்துவிடுகிறார்களாம்.

கேபிளைத் திரும்பச் செருகினேன். பத்திநாதன் நிம்மதியாகப் போனார். ஜெனிற்றா ஒரு புதுச் சீடியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு அது உறைத்தது. மதியம் மூதூர்ப் படகுகள் போகும் துறைப்பக்கம் போய் மாலு பாண் ஒன்று வாங்கிக் கடித்தேன். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் காரமாக இருந்தன. சென்னைத் தேநீர்க்கடைப் பன்னுக்குள் காற்றைத் தவிர வேறெதையும் பார்த்த நினைவு இல்லை. இரண்டாவதும் வாங்கினேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

மூன்றாம் நாள் விருந்தினர்கள் வந்தார்கள். நான்கைந்து பேர், எல்லாரும் வெள்ளைச் சட்டை. பத்திநாதன் அவர்களைப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தார். கேக்கும் ரோல்ஸும் தட்டில் சுற்றின. அப்போது சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மீனவரை ஓட்டோவில் கூட்டிவந்தார்கள். பெயர் சிவராசா. படகைக் கரைக்கு ஏற்றும்போது எஞ்சின் சரிந்து பக்கத்தலையில் அடித்திருக்கிறது. பார்த்த மருத்துவர், ஸ்கேன் எடுத்து அறிக்கையோடு வரச்சொல்லி அனுப்பியிருந்தார்.

சிவராசா நடந்தேதான் உள்ளே வந்தார். நன்றாகப் பேசினார். என் பேச்சைக் கேட்டு, "இந்தியாவோ? உங்கட ஆக்கள்தான் எங்கட கடலில மீன் பிடிக்கினம்" என்றார். "நான் பிடிக்கலை" என்றேன். "அதுதான் விட்டிருக்கிறன்" என்று சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அடிபட்டு விழுந்தவர், கொஞ்ச நேரம் நினைவு இல்லை. பிறகு எழும்பி ஒண்டுமில்லை எண்டுறார்" என்று ஜெனிற்றாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படம் எடுத்து முடித்தபோது ஜெனிற்றாவின் முகம் மாறியிருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினார். நீலக்கோடு தவழத் தொடங்கியது.

"என்ன தெரியுது ஜெனிற்றா?"

"நான் சொல்ல ஏலாது மிஸ். டொக்டர்தான் சொல்லவேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கெதியா, உடனே சொல்லவேணும்."

வெளியே பெஞ்சில் சிவராசா மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். தலை பலமாக இடிக்குது என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். பிறகு மனைவி கேட்டதற்குப் பதில் வரத் தாமதமானது. மனைவி பதற்றத்தோடு என்னைப் பார்த்து, "பிள்ளை, இவர் கதைக்கிறார் இல்லை" என்றார்.

பஸ்ஸுக்கு இனி நேரம் இல்லை. வரவேற்பறைக்குப் போனேன். விருந்தினர்கள் பெட்டிக்கு முன்னால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கார்த்திக்கை அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று இப்போதும் புரியவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கை தானாக அந்த எண்ணுக்குப் போகிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்றார் கார்த்திக். உண்மையாகவே சொன்னார். "அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மட்டும் பொறுங்க."

"சார், உங்க குரல் விட்டுவிட்டுக் கேட்குது" என்று சொல்லிக் கைப்பேசியை அணைத்தேன். விருந்தினர்களை விலக்கிக்கொண்டு போய், பத்திநாதனின் கண்ணெதிரே ரேடியோ கேபிளைப் பிடுங்கினேன். விளக்கு சிவந்தது. ஐஸ் கம்பெனிக்காரரின் கையில் ரோல்ஸ் அப்படியே நின்றது.

உள்ளே ஜெனிற்றா, "போகுது மிஸ், போகுது" என்றார். நான் திரும்பி வருவதற்குள் கோடு முடிந்துவிட்டது. சற்று நேரத்தில் கொழும்பு மருத்துவரே தொலைபேசியில் வந்தார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டிருந்தது. அறிக்கை பின்னால் வரும், ஆளை உடனே அறுவைசிகிச்சைக்கு அனுப்புங்கள் என்றார். ஜெனிற்றா ஒரு கையில் அந்தத் தொலைபேசியும் மறுகையில் இன்னொன்றுமாக, அனுப்பிய மருத்துவரிடமும் அம்புலன்ஸ்காரரிடமும் மாறிமாறிப் பேசினார். குரல் ஒருமுறைகூட உயரவில்லை. வண்டி வந்து, சிவராசாவை மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது அந்த மனைவி என் கையை இறுகப் பிடித்தார். என்னை டாக்டர் என்று நினைத்துவிட்டார். திருத்த நேரமில்லை.

வண்டியின் சத்தம் தேய்ந்ததும் வரவேற்பறைக்குத் திரும்பினேன். வெள்ளைச் சட்டைகள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டல்காரர் ஒருவர் பத்திநாதனிடம், "இது ஏன் சிவப்பாகினது?" என்று கேட்டார்.

பத்திநாதன் என்னைப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அது எமர்ஜென்சிக்கு" என்றார். "அவசரமா ஒரு படம் போகவேணும் எண்டால் சிவப்பாகும். இப்ப கண்ணால பாத்தனீங்கள்தானே."

பார்த்திருந்தார்கள். அதை யாரும் மறுக்கமுடியாது.

அன்று மாலை கார்த்திக் தானே அழைத்தார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். குரலில் தேன் ஒழுகியது. பெட்டி பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வேண்டும் என்கிறார்களாம். ஆனால் அந்த அவசரச் சிவப்பு விளக்கு உள்ள மாடல்தான் வேண்டுமாம். "இப்படி ஒரு வசதி நம்ம பெட்டியில் இருக்குன்னு ஏன் என்கிட்ட யாரும் சொல்லலை?" என்று கேட்டார். கடவுச்சொல்லைக் கொடுத்தால் சொல்கிறேன் என்றேன். கொடுத்தார்.

நான்காம் நாள் காலை அமைப்பை மாற்றினேன். ஒரு படம் எந்த லைனில் கிளம்புகிறதோ, முடியும்வரை அதே லைனில் போகும். ஸ்கேன் படங்களுக்கு பைபர். மற்றவற்றுக்கு ரேடியோ. பைபர் அறுந்தால் படங்களும் ரேடியோவுக்கு மாறும். பொட்டலங்கள் வரிசையாகப் போயின, வரிசையாகச் சேர்ந்தன. விளக்குகள் இரண்டும் பச்சை. பத்திநாதன் விளக்குகளைப் பார்த்தார், ஜெனிற்றா நீலக்கோட்டைப் பார்த்தார். இருவரும் திருப்தியாக இருந்தார்கள்.

புறப்படுவதற்கு முன் மட்டக்களப்பிலிருந்து தகவல் வந்தது. ஜெனிற்றா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. கண் விழித்துவிட்டார். மனைவியை அடையாளம் தெரிகிறது. "முதல் கதைச்சது என்ன தெரியுமோ மிஸ்? எஞ்சினைக் கழட்டிப் பத்திரமா வச்சதோ எண்டு கேட்டவராம். மனுசி அழுதுகொண்டே ஏசினவவாம்." சொல்லிவிட்டு ஜெனிற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசை மேல் இருந்த சீடிகளை அடுக்கி அலுமாரிக்குள் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் போய்க் கப்பல்களை எண்ணுவதுபோல் நின்றேன்.

பத்திநாதன் ஓட்டோ வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் துணிப்பெட்டியைத்தான். ஏறி உட்கார்ந்ததும் குனிந்து கேட்டார். "மிஸ், மூண்டாவது லைன் ஒண்டும் போட்டால் இன்னும் கெதியாப் போகுமோ? உங்கட சேர் போகும் எண்டு சொன்னவர்."

"சார் எப்போ சொன்னார்?"

"இப்பதான்."

வேண்டாம் என்றேன். யோசிக்கிறன் என்றார்.

ஊருக்கு வந்ததும் கார்த்திக் புதுப் பிரசுரம் அச்சிடத் தயாராக இருந்தார். சிவப்பு விளக்கைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டார். உட்கார்ந்து எழுதினேன்: "இந்த விளக்கு எரிந்தால் பெட்டியின் பாதி வேலை செய்யவில்லை என்று பொருள். எங்கள் பழைய அமைப்பில், படங்கள் வேகமாகப் போனது அப்போது மட்டும்தான்." அனுப்பிய உடனே அவரிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது.

பிரசுரம் வழவழப்பான தாளில் அழகாக வந்திருக்கிறது. நான் எழுதிய இரண்டு வரியும் ஓர் எழுத்துக்கூட மாறாமல், சிவப்பு மையில், கட்டத்துக்குள் இருக்கின்றன. விற்பனை நன்றாகப் போவதாகச் சொல்கிறார்கள்.